கழித்த பொருளும் கழியாத கடனும்

ஆயுத பூஜையன்று திண்டுக்கல் நகரத்துப் பூட்டுப் பட்டறைகளைப் பார்த்தவர்கள் ஓர் அழகிய காட்சியைக் கண்டவராவர். அரமும் சுத்தியலும் குறடும் துடைக்கப்பட்டு, சந்தனமும் குங்குமமும் பெற்று வரிசையாக வீற்றிருக்கும். அன்று வங்கிகளிலும் வக்கீல்களின் அறைகளிலும் கணினிக்கும் அச்சுப்பொறிக்கும் மாலை விழுகிறது. உழைத்துக் கொடுத்த கருவிக்கு நன்றி செலுத்துவது நம்மவரின் பழம் பண்பு. அப்பண்பை நாம் போற்றுகிறோம். ஆனால், அக்கருவி உயிரிழந்த மறுநாள் அதன் கதி என்ன என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்திருக்கிறோம்?

திண்டுக்கல் பூட்டு தேய்ந்து போனாலும் இரும்பும் பித்தளையுமாக மிஞ்சும். உருக்கினால் மற்றொரு பூட்டாகும். நம் தாத்தாமார் காலத்தில் தெருத்தெருவாக ஈயம் பித்தளைக்குப் பேரீச்சம்பழம் கொடுத்தவர் எடுத்துச் சென்றதெல்லாம் இத்தகைய பொருள்களே. அவற்றால் எவர் கிணறும் கெட்டதாகப் பேச்செழுந்ததில்லை. இன்று நம் வீட்டுப் பரணில் கிடப்பவையோ வேறு வகை. பேசாத கைபேசி, ஒளிராத டெலிவிஷன் பெட்டி, இயங்காத மடிக்கணினி, உப்பிப்போன பாட்டரி, எரிந்துபோன குழல்விளக்கு ஆகிய இவற்றைப் பேரீச்சம்பழக் காலத்துப் பழக்கத்தின்படியே தெருவில் வருவோரிடம் தள்ளிவிடுகிறோம். அல்லது குப்பையில் எறிகிறோம்.

நேயர்களுக்கு இன்று நாம் சொல்ல விரும்புவது ஒன்றே. ஒரு பொருளை விற்றதனாலோ எறிந்ததனாலோ அதைப் பற்றிய நமது கடன் தீர்ந்துவிடுவதில்லை. நாம் கைகழுவிய விஷம் வேறோர் ஏழையின் கையில் ஒட்டிக்கொள்கிறது. நம் வாசலை விட்டுப் போன அழுக்கு அயலூரான் கிணற்றில் போய் இறங்குகிறது. இந்தப் பாடத்தைத் திண்டுக்கல் ஜில்லா ஏற்கெனவே இருமுறை, மிகுந்த விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. மூன்றாம் முறையும் கற்கத்தான் வேண்டுமா என்பதே கேள்வி.

நமது குற்றம்

பிறருக்கு உபதேசம் செய்யுமுன் நம் குற்றத்தை ஒப்புக்கொள்வது முறை. சில ஆண்டுகளுக்கு முன் நமது அச்சுக்கூடத்தில் பழுதுற்ற கணினிகள் ஆறும், பழைய கண்ணாடித் திரைப்பெட்டிகள் நான்கும், ஒரு கோணி நிறைய ஒயர்களும் இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தன. தெருவழியே வந்த பழைய இரும்புக்காரர் ஒருவருக்கு எல்லாவற்றையும் சில நூறு ரூபாய்க்குக் கொடுத்தோம். இடமும் காலியாயிற்று, காசும் வந்தது என்று மகிழ்ந்தோம்.

பத்து நாள் கழித்து, ஒரு மாலையில், நகருக்கு வெளியே வறண்ட கண்மாய்க் கரையோரமாக வந்துகொண்டிருந்தோம். கரும்புகை எழுவதைக் கண்டு வண்டியை நிறுத்தினோம். பதின்மூன்று, பதினான்கு வயதிருக்கும் பையன் ஒருவன் ஒயர்க் குவியலுக்குத் தீ வைத்துவிட்டு, முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, குச்சியால் கிளறிக்கொண்டிருந்தான். பக்கத்தில் திரைப்பெட்டிகள் முதுகு பிளந்து கிடந்தன. அவற்றில் ஒன்றின்மேல் நமது காரியாலயத்துச் சாமான் எண் எழுதிய சீட்டு அப்படியே ஒட்டியிருந்தது. "ஏன் தம்பி எரிக்கிறாய்?" என்று கேட்டோம். "மேல் தோல் போனாத்தானே ஐயா செம்பு விலைபோகும்" என்றான்.

பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய பிள்ளையை அங்கே நிறுத்தியவர்கள் பலர். ஆயினும் அவன் சொன்ன விடையில் குற்றமில்லை. சீட்டிலிருந்த எண்ணில்தான் குற்றம் இருந்தது. சட்டம் படித்து, நாள்தோறும் ஊரார்க்குப் புத்தி சொல்லும் நாமே இப்படிச் செய்தோமென்றால், மற்றவரைக் குறைகூற நமக்கு யோக்கியதை ஏது? அன்று பட்ட வெட்கத்தின் பலனே இக்கட்டுரை.

பெட்டிக்குள் இருப்பது

இக்கருவிகளில் நன்மையும் தீமையும் ஒன்றாய் உறைகின்றன. கைபேசியின் உள்ளே செம்பு உண்டு, வெள்ளி உண்டு, பொன்னும் உண்டு. தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உயிரைக் கொடுத்து உழைத்த கோலார் சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. கடைசிக் காலத்தில் அங்கே ஒரு டன் பாறையை உடைத்தால் கிடைத்த தங்கம் சில கிராமே. ஒரு டன் பழைய கைபேசிகளில் அதைக் காட்டிலும் பன்மடங்கு பொன் இருக்கிறது. ஆகவே இது வெறுங்குப்பை என்று எண்ணுவது அறியாமை; தேசத்தின் செல்வத்தையே நாம் தெருவில் எறிகிறோம்.

தீமையைக் கேளுங்கள். பழைய டெலிவிஷன் பெட்டியின் கண்ணாடிக் குழலில் ஈயம் கலந்திருக்கிறது. பெரிய பெட்டியானால் அது கிலோக் கணக்கில் இருக்கக்கூடும். மின்சுற்றுப் பலகைகளைப் பற்றவைத்த பழைய பற்றாசிலும் ஈயமே. ஒரு வகைப் பாட்டரியில் காட்மியம் உண்டு. குழல்விளக்கிலும், பழைய தட்டைத் திரைகளின் பின்விளக்கிலும் பாதரசம் உண்டு. ஒயரின் மேலுறையைத் திறந்த வெளியில் எரித்தால் டையாக்ஸின் என்னும் கொடிய நச்சு பிறக்கிறது. பொன்னைப் பிரிக்கக் குடிசைக்குள் திராவகம் ஊற்றுகிறவர் மூச்சிலும் தோலிலும் அதன் பயனை அனுபவிக்கிறார். மிஞ்சிய திராவகம் சாக்கடையில் போகிறது. லிதியம் பாட்டரியைக் குத்தினாலும் நசுக்கினாலும் அது தானே தீப்பற்றும். குப்பை வண்டியையும் கிடங்கையும் எரிக்க ஒரு பாட்டரி போதும். ஈயமோ வளரும் குழந்தையின் மூளையைத் தாக்கி அறிவை மழுங்கச் செய்வது. கண்மாய்க் கரையில் நின்ற பையன் செம்புக்காகக் கொடுத்துக்கொண்டிருந்த விலை இதுதான்.

இது திண்டுக்கல்லின் நோய் மட்டுமன்று. 2022-ஆம் ஆண்டில் உலகம் முழுவதிலும் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவு உண்டாயிற்று என்றும், அதில் 22.3 சதவீதமே முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டதாகக் கணக்கில் உள்ளது என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை கூறுகிறது. செல்வ நாடுகள் தங்கள் பழம்பொருளை ஏழை நாடுகளில் தள்ளும் வழக்கத்தைத் தடுப்பதற்காகவே 1989-இல் பேஸல் உடன்படிக்கை ஏற்பட்டது. ஆனால் அயல்நாட்டான் நம்மேல் தள்ளுவதைக் கண்டிக்கும் நாம், நம் ஊர்ப் பணக்காரத் தெரு தன் கழிவை ஏழைத் தெருவில் தள்ளுவதைக் கண்டும் காணாதிருத்தல் நீதியாகுமா?

சமவெளி கற்பித்த பாடம்

திண்டுக்கல் மலைக்கோட்டையின்மேல் ஏறி நின்று நோக்குவோர்க்குக் குடகனாற்றின் சமவெளி பச்சையும் பழுப்புமாய் விரிந்து தோன்றும். அச்சமவெளியின் நிலத்தடி நீரைக் கெடுத்தவை தோல் ஷாப்புகள். தோலைப் பதப்படுத்தக் குரோமிய உப்பும் மற்ற ரசாயனங்களும் கலந்த நீரை ஆலைகள் பல்லாண்டுகள் வெளியே விட்டன. அந்நீர் கண்ணுக்கெட்டாத தூரம் ஓடி மறைந்துவிட்டதென்று எண்ணினார்கள். அது மறையவில்லை, மண்ணுக்குள் இறங்கிக் கிணறுகளில் தலைகாட்டிற்று. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஆராய்ந்தபோது, குடிக்கவும் பாசனத்துக்கும் உதவிய 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. இது நாம் மிகைப்படுத்திக் கூறும் கணக்கன்று. நாட்டின் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பிலேயே இடம் பெற்ற கணக்கு.

வேலூர் மக்கள் நலச் சங்கம் தொடுத்த அந்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி நீதிபதி குல்தீப் சிங் தலைமையில் தீர்ப்பு வழங்கப்பட்டது. வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களோடு திண்டுக்கல்லின் தோல் ஆலைகளும் அதற்கு உட்பட்டன. ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதத்தைவிடப் பெரியவை அத்தீர்ப்பு நாட்டின் சட்டமாக ஏற்ற இரண்டு நெறிகள். தீங்கு நேருமுன்பே தடுக்க வேண்டும் என்பது ஒன்று. கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டும் என்பது மற்றொன்று. ஆபத்தான பொருளைத் தன் நிலத்தில் கொணர்ந்து வைத்தவன், அது வெளியேறி அயலானைக் கெடுத்தால் பொறுப்பாவான் என்று 1868-இலேயே ஆங்கில நாட்டுப் பிரபுக்கள் சபை ரைலண்ட்ஸ் வழக்கில் கூறியது. அப்பொறுப்புக்குச் சாக்குப்போக்கே கிடையாது என்று 1986-இல் மேத்தா வழக்கில் நமது சுப்ரீம் கோர்ட்டு மேலும் ஒருபடி ஏறிச் சொன்னது. சட்டம் இவ்வளவு தெளிவாகவே இருக்கிறது. ஆனால் தீர்ப்பு வந்தது கிணறுகள் கெட்ட பிறகு. உப்பேறிய கிணற்றைத் தீர்ப்பு இனிப்பாக்குவதில்லை.

மலை கற்பித்த பாடம்

இரண்டாவது பாடம் இதே ஜில்லாவின் கோடைக்கானலில் நிகழ்ந்தது. நம் பொருளுக்கு இது இன்னும் நெருங்கியது. அமெரிக்காவின் வாட்டர்டவுன் என்ற ஊரிலிருந்து உஷ்ணமானி செய்யும் தொழிற்சாலை ஒன்று 1980-களின் தொடக்கத்தில் பெயர்த்துக் கொண்டுவரப்பட்டு, பாம்பாறு சோலையை ஒட்டி நிறுவப்பட்டது. பாண்ட்ஸ் கம்பெனியிடமிருந்து பின்னர் அது ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியின் கைக்கு மாறிற்று. உஷ்ணமானி செய்ய வேண்டியது பாதரசம். ஆலையில் உடைந்த கண்ணாடியெல்லாம் பாதரசம் ஒட்டிய கண்ணாடி.

2001 மார்ச் மாதத்தில், கோடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய சாமான் கிடங்கில், பள்ளிக்கூடத்துக்கு அருகே, கிழிந்த கோணிப்பைகளில் பாதரசக் கண்ணாடித் தூள் கிடப்பதை ஊர் மக்களும், பழனி மலைப் பாதுகாப்புச் சங்கத்தாரும், கிரீன்பீஸ் இயக்கத்தாரும் வெளிப்படுத்தினர். அவர்கள் கணக்கின்படி அது 7.4 டன். காயலான் கடைக்காரருக்கு அது வெறும் கண்ணாடி. எடைக்கு இவ்வளவு என்று வாங்கியிருந்தார். ஊர் கொதித்தெழுந்தது. ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறக்குறைய 290 டன் பாதரசக் கழிவு கப்பலேற்றப்பட்டு அமெரிக்காவுக்கே திருப்பியனுப்பப்பட்டது. கழிவு எங்கிருந்து வந்ததோ அத்திசைக்கே மீண்டது நம் நாட்டில் அரிதினும் அரிது. மலைமேல் ஒரு சிற்றூர் மக்கள் விழிப்பாயிருந்து சாதித்த காரியம் அது.

ஆனால் அதனுடன் கதை முடியவில்லை. ஆலையில் வேலை செய்தவர்கள் தங்களுக்கு நேர்ந்த நோய்களைக் கூறி 2006-இல் சென்னை ஹைகோர்ட்டுக்குச் சென்றனர். நோய்க்கு ஆலை காரணமன்று என்று கம்பெனி மறுத்தது. இறுதியில் 2016 மார்ச்சில் தொழிலாளர் 591 பேருக்கும் கம்பெனிக்கும் உடன்பாடு ஏற்பட்டது. மனிதாபிமானத்தால் கொடுப்பதாகவே கம்பெனி கூறிற்று. மூடியதற்கும் உடன்பாட்டுக்கும் இடையில் கழிந்தவை பதினைந்து ஆண்டுகள். மண்ணைச் சுத்தம் செய்வதில் எந்த அளவோடு நிற்கலாம் என்ற தகராறோ அதற்குப் பின்னும் நீண்டது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளிலும் குற்றஞ்சாட்டுவதற்கு ஆலைகள் இருந்தன. வாயிலில் நின்று முழங்குவதற்கு இடம் இருந்தது. மூன்றாவதில் அவ்வாறு இல்லை. பரணிலிருக்கும் பெட்டிக்குச் சொந்தக்காரர் நாமே. ஒருவர் வீட்டிலிருந்து போவது ஒரு பலகை, ஒரு பாட்டரி. ஆனால் ஜில்லா முழுவதிலும் சேர்ந்தால் அதுவே பெயரில்லாத ஓர் ஆலை. கோடைக்கானலில் கண்ணாடியை எடைக்கு விற்ற செயலுக்கும், நமது அச்சுக்கூடத்தில் திரைப்பெட்டியை எடைக்கு விற்ற செயலுக்கும் அளவில்தான் வேற்றுமை. தன்மையில் வேற்றுமை இல்லை.

சட்டம் சொல்வதும் விட்டதும்

சட்டமே இல்லை என்று எவரும் சாக்குச் சொல்ல இயலாது. மின்னணுக் கழிவைப் பற்றிய முதல் விதிகள் 2011-இல் பிறந்து 2012 மே முதல் நடைமுறைக்கு வந்தன. 2016-இல் புது விதிகள் வந்தன. இப்பொழுது நடப்பவை 2023 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த 2022-ஆம் ஆண்டு விதிகள். இவற்றின் சாரம், பொருளைச் செய்து விற்றவனே அதன் முடிவுக்கும் பொறுப்பாளி என்பது. விற்றதற்கேற்பக் கணக்கிட்டு, முதலில் 60 சதவீதமும், 2027-28 முதல் 80 சதவீதமும் கழிவு மறுசுழற்சியானதற்குச் சான்று அவன் காட்ட வேண்டும். தோல் வழக்கில் கண்ட நெறியே இங்கே விதியாக உருவெடுத்திருக்கிறது. நாம் இதை மனமார வரவேற்கிறோம்.

ஆனால் வக்கீலின் கண்ணோடு படிக்கும்போது சில குறைகளும் தென்படுகின்றன. 2016-ஆம் ஆண்டு விதிகளில் சேகரிப்பு நிலையத்துக்கும், பிரித்தெடுப்போருக்கும், விற்பனையாளருக்கும் தனித்தனி இடம் இருந்தது. புதிய விதிகள் உற்பத்தியாளர், விற்பனைக்குப் பொறுப்பான கம்பெனி, புதுப்பிப்போர், மறுசுழற்சி செய்வோர் என்ற நால்வரோடு நின்றுவிட்டன. கம்பெனி மறுசுழற்சிச் சான்றிதழை விலைகொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அச்சான்றிதழுக்கு மத்திய சர்க்கார் வைத்த குறைந்த விலை அதிகமென்று, பெருங்கம்பெனிகள் சில 2025-இல் டில்லி ஹைகோர்ட்டுக்கே சென்றுவிட்டன. சான்றிதழ் டில்லியில் கைமாறலாம். ஆனால் திண்டுக்கல் நாகல் நகரில் ஒரு வீட்டிலிருந்து பழைய பெட்டியை எடுத்துச் செல்ல யார் வருவார்? பதிவுபெற்ற மறுசுழற்சிச் சாலைகளில் பல சென்னையைச் சூழ்ந்தே இருக்கின்றன. சட்டத்துக்கும் வாசற்படிக்கும் இடையே உள்ள வழியில் நடந்து வருகிறவர் இன்றும் பழைய இரும்புக்காரர் ஒருவரே.

அந்த இடைவெளியை நிரப்பும் கடமையை விதிகள் ஸ்தல ஸ்தாபனங்களின்மேல் வைத்திருக்கின்றன. குப்பையில் கலந்து வரும் மின்னணுக் கழிவைப் பிரித்துப் பதிவுபெற்றவரிடம் சேர்ப்பதும், உரியவர் தெரியாத பொருள்களைச் சேகரிப்பதும், சேகரிப்புக்கு ஏற்பாடு செய்வதும் நகரசபைகளின் வேலை. மாநில சர்க்கார் இத்தொழிலுக்கு இடம் ஒதுக்கவும், தொழிலாளரைப் பதிவு செய்து பயிற்சியளிக்கவும், அவர்கள் ஆரோக்கியத்தைக் கவனிக்கவும் கடமைப்பட்டிருக்கிறது. 2014-இல் மாநகராட்சியாக உயர்ந்த திண்டுக்கல், பெயரில் பெற்ற உயர்வைச் செயலிலும் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பம் வேண்டுமா?

கொடுத்த கை வாங்கவும் வேண்டும்

மாநில சர்க்காருக்கு இவ்விஷயத்தில் மற்றொரு தனிக் கடனும் உண்டு. 2006 முதல் 2011 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வர்ண டெலிவிஷன் பெட்டிகள் தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு இலவசமாக வழங்கப்பட்டன. 2011 முதல் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட மாணவருக்கு மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. இருபது லட்சம் கல்லூரி மாணவருக்கு மீண்டும் வழங்குவதாக 2025-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். ஏழை மாணவன் கைக்குக் கணினி வருவதை நாம் எதிர்க்கவில்லை, மகிழ்ச்சியோடு பாராட்டுகிறோம். ஆனால் அந்தப் பழைய வர்ணப் பெட்டிகள் ஈயக் கண்ணாடிக் குழல் உடையவை. ஆத்தூரிலும் வேடசந்தூரிலும் வத்தலக்குண்டிலும் அவை ஓலைக் குடிசைவரை சென்று சேர்ந்தன. ரேஷன் கார்டைப் பார்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் பெட்டியைக் கொண்டுசேர்க்கத் தெரிந்த சர்க்காருக்கு, அதே கார்டைப் பார்த்துத் திரும்ப வாங்கத் தெரியாதா? கட்சி எதுவாயினும் சர்க்கார் ஒன்றுதான். முந்தியவர் கொடுத்தது என்று பிந்தியவர் ஒதுங்குவது முறையன்று.

சர்க்கார் ஆபீசுகளும் கல்லூரிகளும் பழைய சாமான்களை ஏலம் விடும் வழக்கத்தையும் கவனிக்க வேண்டும். 2010-இல் டில்லி சர்வகலாசாலை, 1985 முதல் பயன்படாதிருந்த ஒரு கதிர்வீச்சுக் கருவியை ஏலத்தில் விற்றுவிட்டது. உள்ளே கோபால்ட்-60 இருப்பதை அறியாமல் மாயாபுரிப் பழைய சாமான் கடைக்காரர்கள் அதைப் பிளந்தனர். பலர் நோயுற்றனர், ஒருவர் மாண்டார். படித்தவர்களின் மாளிகையில் எழுதப்பட்ட ஏலச் சீட்டுக்குப் படிக்காத தொழிலாளி உயிரால் விலை கொடுத்தார். அதிக விலை கேட்டவனுக்கே பொருள் என்னும் ஏல விதி இத்தகைய பொருளுக்குப் பொருந்தாது. உரிய பதிவுடையவனுக்கே பொருள் என்பதே விதியாக வேண்டும்.

காயலான் கடைக்காரர் பகைவரல்லர்

இங்கே நமது நண்பர்கள் சிலர் சட்டென்று ஒரு முடிவுக்கு வருவார்கள். "போலீசை அனுப்பிக் காயலான் கடைகளையெல்லாம் மூடிவிட்டால் போகிறது" என்பார்கள். நாம் இதை முற்றிலும் மறுக்கிறோம். வெயிலில் தெருத்தெருவாக நடந்து, நாம் அருவருத்து எறிந்ததைப் பொறுக்கி எடுத்து, அதில் ஒரு பகுதியையேனும் நாட்டுக்கு மீட்டுத் தருகிறவர்கள் அவர்களே. பழுதுற்ற மின்விசிறிக்கும் மிக்ஸிக்கும் மீண்டும் உயிர் கொடுக்கும் பழுதுபார்ப்போரும் அவர்களைச் சார்ந்தவரே. கருவியைப் பழுதுபார்த்து இன்னும் ஐந்தாண்டு வாழவைப்பதைவிடச் சிறந்த மறுசுழற்சி வேறில்லை. அவர்களைத் துரத்தினால் தொழில் நிற்காது. பகலில் நடப்பது இரவில் நடக்கும், கண்மாய்க் கரையில் எரிவது வீட்டுக்குள் எரியும்.

சேகரிப்பதும் பழுதுபார்ப்பதும் அவர்கள் தொழிலாக இருக்கட்டும். எரிப்பதும் திராவகம் ஊற்றுவதும் எவர் தொழிலாகவும் இருக்க வேண்டாம். உடைக்காத திரைப்பெட்டிக்கும் உரிக்காத ஒயருக்கும், உடைத்ததைவிட நல்ல விலை கொடுக்கும் ஒரு கிடங்கு ஊரில் இருந்தால், அந்தப் பையன் ஏன் தீ மூட்டப்போகிறான்? கூட்டுறவுச் சங்கம் என்ற சொல் இந்த ஜில்லாவுக்குப் புதிதன்று. பழைய சாமான் தொழிலாளர் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்து, மாநகராட்சி இடம் கொடுக்க, பதிவுபெற்ற மறுசுழற்சிச் சாலையுடன் ஒப்பந்தம் செய்துகொள்வதை விதிகள் தடுக்கவில்லை. தொழிலாளர் குழுக்கள் அமைய உதவுமாறே சர்க்காருக்குக் கூறுகின்றன.

செய்யத்தக்கவை

இனி, இன்றே நம் வீட்டில் செய்யத்தக்கவற்றைச் சுருங்கக் கூறுவோம். பழுதுபார்க்கக் கூடியதைக் கழிக்க வேண்டாம். கழிக்க வேண்டியதைக் குப்பையோடு கலக்க வேண்டாம். உடைக்கவும் எரிக்கவும் வேண்டாம். போகிப் பண்டிகையன்று ஒயரையும் பிளாஸ்டிக்கையும் தீயிலிடும் வழக்கம் அடியோடு ஒழிய வேண்டும். பாட்டரியின் முனைகளில் பசைநாடா ஒட்டித் தனியே வையுங்கள். உப்பிய பாட்டரியைத் தீப்பற்றாத பாத்திரத்தில் வீட்டுக்கு வெளியே ஒதுக்குப்புறமாக வைத்து விரைவில் ஒப்படையுங்கள். குழல்விளக்கு உடைந்துவிட்டால் ஜன்னல்களைத் திறந்துவிட்டுச் சற்று நேரம் வெளியே இருந்து, பின் துடைப்பத்தால் பெருக்காமல் கெட்டித் தாளால் வாரி மூடிய பாத்திரத்தில் இடுங்கள். புதிய பொருள் வாங்கும்போது, பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு யாது என்று கடைக்காரரைக் கேளுங்கள். இந்தக் கேள்வியைப் பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் கம்பெனியைக் கேட்பார். பதிவுபெற்ற மறுசுழற்சியாளர்களின் பெயர்களை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிடுகிறது.

மற்றொன்றும் உண்டு. பூட்டுக்குப் பேர்போன ஊரார் தம் வீட்டுச் சாவியைத் தெருவில் எறியமாட்டார். ஆனால் வங்கிக் கணக்கும் கடிதங்களும் குடும்பப் படங்களும் அடங்கிய கைபேசியை அப்படியே கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்குமுன் கணக்குகளிலிருந்து வெளியேறி, உள்ளவற்றையெல்லாம் அழித்து, சிம் அட்டையையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட வேண்டும். இந்த அச்சத்தினாலேயே பலர் பழையதைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அச்சம் நீங்கினால் பரணும் காலியாகும்.

மாநகராட்சியாரை நாம் கேட்பது இது: மாதத்தில் ஒரு நாள், வார்டுதோறும், குறித்த இடத்தில் இக்கழிவைப் பெற்றுக்கொள்ளுங்கள், பெற்றதையும் அனுப்பியதையும் எடையோடு விளம்பரப்படுத்துங்கள். அரசியல் தொண்டர்களைக் கேட்பது இது: தேர்தல் காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கும் உங்கள் கால்கள் ஆண்டில் ஒரு நாள் இதற்காகவும் ஏறி இறங்கட்டும். ஊர் எல்லையில் காந்தி கிராமத்தை வைத்துக்கொண்டிருக்கும் நமக்கு, கழிவை அகற்றுவது இழிதொழிலன்று, தேசத்தொண்டு என்பதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

கோடைக்கானல் மக்கள் 7.4 டன் கண்ணாடியைக் கண்டதும் அது யாருடையது என்று கேட்டார்கள். அந்த ஒரு கேள்வி 290 டன்னைக் கடல்கடத்திற்று. கண்மாய்க் கரையில் நாம் கண்ட சாம்பலைப் பார்த்து அதே கேள்வியைக் கேட்டால் கிடைக்கும் விடை வெட்கந்தருவது. ஆனால் அவ்விடையில் ஒரு நன்மையும் உண்டு. குற்றவாளி நாமே ஆதலால், தீர்ப்புக்காகப் பதினைந்து ஆண்டு காத்திருக்க வேண்டியதில்லை. நமது அச்சுக்கூடத்தில் இப்பொழுது ஒரு பெட்டி வைத்திருக்கிறோம். அதில் சேருவது பதிவுபெற்ற இடத்துக்கே போகிறது. ரசீதும் கோப்பில் இருக்கிறது. அடுத்த ஆயுத பூஜைக்குள் திண்டுக்கல்லின் ஒவ்வொரு காரியாலயத்திலும் அப்படி ஒரு பெட்டி இருக்குமாயின், அன்று கருவிக்கு நாம் இடும் சந்தனத்துக்குப் பொருள் உண்டு.